புறப்படும் நேரம்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

'மரண சிந்தனையும் யாத்திரையும்' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. மரணம் என்று வாயெடுத்தாலே, "அசுபமாகப் பேசாதீர்கள்" என்று வீட்டில் அடக்கிவிடுவார்கள். கல்லூரியில் பௌதிகம் படித்த எனக்கு அது இயற்கை விதி. விதியைக் கண்டு பயப்படுவதைவிட, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காரியம் செய்வதே விவேகம்.

பகவான் ரமணர் அதைத்தான் செய்தார். 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்த 16 வயது வேங்கடராமனுக்கு, நோய் ஒன்றும் இல்லாமலே, சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. அவர் டாக்டரைத் தேடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, உடம்பு போனால் 'நான்' என்பதும் போகுமா என்று விசாரித்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். நம் ரயில் முன்பதிவுக்கே 60 நாள் அவகாசம் இருக்கிறது!

அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டுப் போனார். பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் உண்டு என்பது, வண்டியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. காசு போதாமல் வழியில் நடந்தார். கடுக்கனை அடகு வைத்தார். செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்தவர், 1950-ல் சமாதியடையும் வரை அவ்வூரை விட்டுப் போகவில்லை.

நாம் ரமணர் அல்ல. ஆனால் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவதை அவரிடம் கற்கலாம்.

என் அண்ணாவுக்குக் காசி, கயா போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பெண் கல்யாணம், வீடு கட்டுவது, பிறகு முழங்கால் வலி என்று தள்ளிக்கொண்டே போயிற்று. 72 வயதில் காலமானார். அவர் டைரியில் ரயில் நேரங்கள் அழகாக எழுதியிருந்தன. அடுத்த வருஷமே நானும் என் மனைவியும் கிளம்பினோம். பித்ருக்களோடு சேர்த்து அண்ணாவுக்கும் கயாவில் பிண்டம் போட்டேன்.

அங்கே அக்ஷயவடத்தடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது சம்பிரதாயம். பலர் பாகற்காயை விடுவார்கள். என் மனைவி மாம்பழத்தை விட்டாள். கேட்டதற்கு, "எல்லாவற்றையும் ஒருநாள் விடத்தானே வேண்டும், பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். யாத்திரையின் பலன் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, பிள்ளைகளின் லீவுக்காகக் காத்திராதீர்கள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெயில் காலத்தைத் தவிர்த்து, கால் நடக்கும்போதே போய்வாருங்கள். கடைசிப் பயணத்துக்கு நாம் தேதி குறிக்க முடியாது. அதற்கு முந்தைய பயணங்களுக்குக் குறிக்கலாம்.