உளுந்தைக் கண்ணால் பார்க்காதவன் விலை வைப்பதா?



கைக்கு வராத விளைச்சலுக்கு விலை பேசுவது புதுசு இல்லை. ஜப்பானில் ஒசாகா நகரத்து தோஜிமா அரிசிச் சந்தையில் 1730-லேயே அரசாங்க அனுமதியோடு நடந்த வியாபாரம்தான். நம்ம நாட்டில் 2003-ல் ஆன்லைன் முன்பேர வர்த்தகத்தைத் திறந்துவிட்டார்கள். விலைவாசி ஏறவும், 2007 ஜனவரியில் உளுந்துக்கும் துவரைக்கும் தடை போட்டார்கள். திறந்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, மூடினபோதும் கேட்கவில்லை.

விதைக்கும்போதே விலை தெரியும் என்றார்கள். கரிசல் காட்டில் அஞ்சு மூட்டை மானாவாரி உளுந்து எடுக்கிற நாம், டன் கணக்கில் பேரம் நடக்கிற கம்ப்யூட்டரில் என்னத்தை விற்க? கடனை அடைக்க, விருதுநகர் கமிஷன் கடையில் சொன்ன விலைக்குத்தானே போட்டோம்!

2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த உளுந்து ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலைக்குக் குறையாமல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்யணும். அறுவடைக்கு முன்னாடியே கொள்முதலைத் தொடங்கணும்!