கோக்கீயும் நீல நெருப்பும்



இது வானொலி. அதனால் கண்ணை விட்டுவிட்டுக் காதிலிருந்து தொடங்குகிறேன். "கோ... கீ. கோ... கீ." முதல் அசை தாழ்ந்திருக்கும், இரண்டாவது சட்டென்று மேலே ஏறும். உள்ளங்கையில் பாதிகூட நிரப்பாத ஒரு மரத்தவளையின் குரல் இது. கரீபியக் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவில் பொழுது சாய்ந்துவிட்டால் இந்தக் குரலுக்குத் தப்பிய தோட்டமே இல்லை. நாம் காக்கைக்குப் பெயர் வைத்த மாதிரியே அவர்களும் குரலையே பெயராக்கி 'கோக்கீ' என்று அழைக்கிறார்கள்.

பாடுவது ஆண் தவளை மட்டும்தான். "கோ" மற்ற ஆண்களுக்கு: இது என் இடம், தள்ளிப் போ. "கீ" பெண்ணுக்கு: இங்கே வா. ஆணின் செவி "கோ"வுக்கும், பெண்ணின் செவி "கீ"க்கும் கூர்மையாக அமைந்திருப்பதை 1970களில் ஆராய்ந்து கண்டார்கள். இதே தவளை செடிகொடிகளோடு ஒட்டிக்கொண்டு ஹவாய்த் தீவுகளுக்குப் போய்விட்டது. அங்கே இது தூக்கத்தைக் கெடுக்கும் சனியன். எப்படி ஒழிப்பது என்று திண்டாடுகிறார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கோ இதுதான் தாலாட்டு.

அந்தத் தீவில் ஒரே நாளில் பகலில் மழைக்காடும் இரவில் ஒளிரும் நீரும் பார்த்து வரும் பயணம் ஒன்று உண்டு. தலைநகர் சான் ஹுவானில் வேனில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல் யுங்க்கே காட்டின் அடிவாரம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் நடுவயதுப் பெண்மணி ஒருவர். வழிகாட்டி என்றால் 'இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்' என்று சொல்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த அம்மையார் அன்று முழுக்க அதிகம் சொன்ன சொல் 'வேண்டாம்'. பாதையை விட்டு இறங்க வேண்டாம். கல்லைப் புரட்ட வேண்டாம். ஓடையில் கால் வைக்குமுன் வெயில் களிம்பு பூச வேண்டாம். காலையில் எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

எல் யுங்க்கே பெரிய காடு அல்ல; சுமார் 11,000 ஹெக்டேர்தான். ஆனால் அமெரிக்காவின் தேசிய வனங்களில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றே. 1876இல் ஸ்பெயின் மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ இதைக் காப்புக்காடாக அறிவித்தார். தீவு 1898இல் அமெரிக்காவின் கைக்கு மாறிய பிறகும் காப்பு தொடர்ந்தது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுக்குக் கரையேறியதும் எதிரே நிற்பது ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்த மலைதான். சுமை அங்கேயே இறங்கிவிடுகிறது. உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல்கூட மழை கொட்டுவதுண்டு. சென்னையில் பெய்வது சுமார் 1,400. மேலே போகப்போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. உச்சியில் மேகத்துக்குள் நிற்கும் மரங்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். உடம்பெல்லாம் பாசி போர்த்தியிருக்கும்.

என்னை நிறுத்தி வைத்தது தபோனுக்கோ என்ற மரம். பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. புயலில் ஒன்றைச் சாய்க்க வேண்டுமானால் காற்று அந்தக் கூட்டத்தையே அசைத்தாக வேண்டும். அங்கே புயலுக்குக் குறைவில்லை. 2017 செப்டம்பரில் வந்த மரியா புயல் மரங்களின் இலைகளை உருவி எடுத்து மலையையே பழுப்பாக்கிவிட்டுப் போனது. காடு தளிர்த்துக்கொண்டது. கிளிகள்தான் பாவம். இந்தத் தீவுக்கே உரிய பச்சைக்கிளி 1975இல் வெறும் 13 என்ற எண்ணிக்கைக்கு இறங்கியிருந்தது. பல ஆண்டு உழைத்துப் பெருக்கினார்கள். எல் யுங்க்கேயில் சுதந்திரமாகப் பறந்தவற்றை மரியா ஏறத்தாழ முழுக்கத் துடைத்துவிட்டது. காப்பகத்தில் வளர்ந்தவற்றைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அன்று என் கண்ணில் ஒரு கிளியும் படவில்லை. அரை நாளில் ஒரு காட்டைப் பார்த்து முடிப்பது என்பதே அபத்தம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டிலிருந்து இறங்கும் வழியில் லுக்கியோ கடற்கரையில் வரிசையாகக் கடைகள். கருவாட்டு மீனைத் துருவி மாவில் கலந்து பொரித்த வடை மாதிரி ஒன்று தின்றேன். காரம்தான் போதாது.

இருட்டத் தொடங்கும்போது பஹார்தோ ஊரை ஒட்டிய கடற்கரையில், இருவர் உட்காரும் கயாக் படகில் ஏற்றினார்கள். மாலையில் மறுபடி 'வேண்டாம்'கள். கொசு மருந்து வேண்டாம். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். நீரில் குதிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது அவர் போட்ட விதியல்ல, சட்டமே அப்படி. ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்கு அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய கால்வாய். பிச்சாவரம் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தச் சந்துகளில் ஒன்றை நள்ளிரவு இருட்டில் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் கூட வந்தவரும் இரண்டு முறை வேரில் போய் முட்டினோம்.

கால்வாய் முடிந்து லகூனா கிராந்தே என்ற உப்பங்கழி விரிந்தது. துடுப்பை இறக்கினேன். துடுப்பைச் சுற்றி நீல வெளிச்சம் சுழன்றது. விரல் நுனியை நனைத்தால் ஐந்து விரலிலிருந்தும் ஒளி வழிகிறது. அடியில் ஓடிய மீன் வாணம் மாதிரி கோடு கிழித்துப் போனது.

இதைச் செய்வது பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. கிரேக்கச் சொற்களின் வழியே பார்த்தால் 'சுழலும் நெருப்பு'. ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதை வரிசையாக நிறுத்தலாம். நீர் அசைந்து அதன் மேல் அழுத்தும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறி, லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்கிறது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மின்னி அணைகிறது. பகலில் எவ்வளவு கலக்கினாலும் இப்படி மின்னாது. அதற்கென்று ஒரு உள்கடிகாரம் இருக்கிறது. எதற்காக இந்த மின்னல்? தன்னைத் தின்ன வரும் சிற்றுயிரைத் திடுக்கிட வைக்க என்கிறார்கள். அல்லது 'கள்ளன், கள்ளன்' என்று கூவி ஊரைக் கூட்டுவது போல, தின்ன வந்ததைத் தின்னக்கூடிய பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்க. எப்படியானாலும் நாம் ரசிப்பது அதன் பதற்றத்தைத்தான். காலையில் வந்த எரிச்சல் எனக்கு அங்கேதான் தணிந்தது.

உதிர்ந்த அலையாத்தி இலைகள் மக்கிச் சத்தூட்ட, ஒடுங்கிய வாய் உயிரிகளைக் கடலுக்கு அடித்துப் போகாமல் தடுக்க, இரண்டும் சேர்ந்ததால்தான் இங்கே இவ்வளவு கூட்டம். 2013 நவம்பரில் இந்தக் கழி ஒரு வாரத்துக்கு மேல் இருண்டு கிடந்தது. அருகில் நடந்த கட்டுமானமா, படகுகளா, வானிலையா என்று பலரும் பலவற்றைச் சந்தேகித்தார்கள். பிறகு ஒளி திரும்பியது.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளிலும் அலைகள் நீலமாக மின்னியது நினைவிருக்கும். திருவான்மியூரில் இரவெல்லாம் கூட்டம். அது வேறு உயிரி, நாக்டிலூகா. அது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. லகூனா கிராந்தேயில் இருப்பது குடித்தனக்காரர்.

கரை திரும்பியபோது மரங்களில் கோக்கீக்கள் உச்சத்தில் இருந்தன. கைப்பேசியில் திருட்டுத்தனமாக எடுத்த நாலு படமும் வெறும் கறுப்பு.

நேயர்களே, அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால், விமானச் சீட்டு வாங்குமுன் நாள்காட்டியில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். பௌர்ணமியன்று போனால் நிலவொளியில் அந்த மின்னல் மங்கிவிடும்.