தொழிற்சாலையும் ஆராய்ச்சிக்கூடமும்



தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியும் சங்கொலியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆராய்ச்சி என்றதும் பல்கலைக்கழகத்துச் சோதனைக்கூடம் நினைவுக்கு வருகிறது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டியவை என்னும் எண்ணம் நம் நாட்டில் மெல்ல மெல்லத்தான் வேரூன்றியது. அவ்வரலாற்றை மருந்துத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் மருந்து வாணிகத்தின் பெரும்பகுதி அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அவற்றுக்கு அரணாக நின்றது. அந்நிலையை மாற்றிய புதிய சட்டம் 1970-இல் இயற்றப்பெற்று, 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்தாகிய பொருளுக்கு உரிமை கிடையாது. அதைச் செய்யும் முறைக்கே உரிமை உண்டு என்று அச்சட்டம் வகுத்தது.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். ஊர் எல்லோருக்கும் பொது; அங்கே செல்லும் ஒரு பாதை மட்டும் ஒருவனுக்குச் சொந்தம். வேறு பாதை வெட்டத் தெரிந்தவன் தடையின்றி அவ்வூரை அடையலாம் அன்றோ? நம் இரசாயன அறிஞர்கள் அவ்வாறே புதுப் பாதைகளை வெட்டினார்கள். எப்பொருளிலிருந்து தொடங்குவது, எத்தனை படிகளில் முடிப்பது, செலவை எங்கே குறைப்பது என்று ஆராய்ந்தார்கள். இதை வெறும் நகல் வேலை என்று இகழ்வாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். பிறர் கண்ட பொருளாயினும், அதற்குப் புதுவழி காண்பதும் ஆராய்ச்சியே.

அதன் பயனை உலகம் 2001-இல் கண்டது. எய்ட்ஸ் நோய்க்கு அக்காலத்தில் மூன்று மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டியிருந்தது. மேலைநாடுகளில் அதற்கு ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் செலவாயிற்று. பம்பாயில் 1935-இல் தோன்றிய சிப்லா கம்பெனி, அம்மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தர முன்வந்தது. மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்கியும் காட்டியது. ஆப்பிரிக்காவின் ஏழை நோயாளிகளுக்கும் சிகிச்சை எட்டும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

ஆயினும், பாதை வெட்டுவது ஒன்று. புதிய ஊரையே காண்பது மற்றொன்று. 1997-இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி, தான் கண்டுபிடித்த நீரிழிவு மருந்துப்பொருளொன்றை மேற்கொண்டு வளர்க்கும் உரிமையை டென்மார்க்குக் கம்பெனி ஒன்றுக்கு அளித்தது. நாடே பெருமை கொண்டது. ஆனால் அப்பொருள் மருந்துக்கடையை எட்டவில்லை. 2013-இல் அகமதாபாத்தின் சைடஸ் கம்பெனி கண்டுபிடித்த சரோகிளிட்டசார் என்னும் மருந்து நம் நாட்டில் அனுமதி பெற்றது. அதற்குப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு தேவைப்பட்டது. இதற்கிடையே, 2005-இல் சட்டம் திருத்தப்பெற்று, பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது. பழைய நிழல் இன்றில்லை.

புதுமருந்து தேடும் முயற்சிகளுள் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடிகின்றன. அத்தோல்வியின் செலவை யார் தாங்குவது? இங்கேதான் நம் குறை வெளிப்படுகிறது. 2020-21-ஆம் ஆண்டில் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியது. 1960-இல் நம்மைப்போல் வறிய நாடாக இருந்த தென்கொரியா இன்று 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகளுடையது. அரசாங்கம் சோதனைக்கூடங்களை அமைக்கலாம். சட்டத்தால் காவலும் தரலாம். ஆனால் இலாபத்தில் ஒரு பகுதியை நிச்சயமற்ற தேடலுக்கு ஒதுக்கும் துணிவு கம்பெனிகளிடமே பிறக்கவேண்டும்.

நண்பர்களே, உங்களுள் பலர் நாளை இத்தகைய கம்பெனிகளில் பணி ஏற்கப்போகிறீர்கள். சிலர் அவற்றை நடத்தவும் போகிறீர்கள். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, எவ்வளவு விற்றது, எவ்வளவு ஈட்டியது என்று பார்ப்பதோடு நில்லாதீர்கள். ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிட்டது என்னும் வரியையும் தேடிப் படியுங்கள். அக்கம்பெனியின் எதிர்காலம் அந்த வரியிலேதான் எழுதப்பட்டிருக்கிறது.