விடுகைப் பத்திரம் கேட்பதற்கு முன்



சக மாணவிகளின் சீண்டல் தாங்காமல் பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு விடுகைப் பத்திரம்தான். நோகடிக்கப்பட்டவளே ஏன் வெளியேற வேண்டும்? அதற்கு முன் செய்யக்கூடியவற்றையே சங்கத்தின் சார்பில் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், யார் கண்டார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசிக்கு வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னது பிறகு ஒருவருக்கும் நினைவிராது. அதிபருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பதிலில்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போங்கள். அடி, மிரட்டல், படம் பரப்புதல் என்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐ அழையுங்கள், அல்லது பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள்.

அரசாங்கப் பாடசாலை தெரிந்தும் வாளாவிருந்தால், உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு உண்டு. அதற்குக் காலம் ஒரு மாதமே. "பார்ப்பம்" என்ற சொல்லை நம்பியிருக்கையிலேயே அது கழிந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

சீண்டியவளும் பிள்ளைதான். 12 வயதுக்குட்பட்டவர் செய்வதைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. அவளுக்கும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் தேவை.

எங்கள் சங்கத்தில் சட்டத்தரணிகளும் இளைப்பாறிய அதிபர்களும் இருக்கிறார்கள். கடிதம் எழுதத் தயங்கும் அம்மாமார் எங்களிடம் வரலாம். கூடவிருந்து எழுதித் தருவோம்.