அடுப்பை அணைத்த பிறகும் வேகும் சோறு

சிலிண்டர் எத்தனை நாள் வருதுன்னு கேட்டா, இங்க இருக்கிற அக்காங்க தேதியோடவே சொல்லுவீங்க. அந்த கேஸ் எங்க வீணாகுதுன்னு பார்ப்போம்.

உலை கொதிச்ச பிறகு தீயைக் கூட்டினாலும், சாதாரணப் பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதுக்கப்புறம் எரியிற கேஸ், வெளியேறும் சூட்டை ஈடுகட்டத்தான். சூடு வெளியேறாம தடுத்துட்டா தீயே வேண்டாம். தெர்மல் குக்கர் செய்வது இவ்வளவுதான், மின்சாரமும் கிடையாது.

நம்ம மாஹேயைச் சுற்றியுள்ள கேரளத்தில், சாஸ்த்ர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் தெர்மாகோல் வைத்த பெட்டியாக இதைப் பரப்பியது. பெயர் ‘சூடாறாப்பெட்டி’. மலையாளம்தான், ஆனா நமக்கும் புரியுது பாருங்க!

புழுங்கலரிசியை 10 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, மூடியோட உள்ளே வைங்க. ஒரு மணி நேரம் போல ஆகும். அரிசியைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். பாத்திரம் முக்கால்வாசியாவது நிறையணும். பெரிய குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி வைத்தால் சீக்கிரம் ஆறிடும். நடுவுல திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ராஜ்மாவில் கவனம் தேவை. ஊறிய தண்ணீரைக் கொட்டிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிஷம் கொதிக்க வைக்காமல் உள்ளே வைக்காதீங்க. அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் அழியாது.

காலையில் வச்ச சோறு ராத்திரி வரைக்கும் அதிலேயே கிடக்கக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கினா கிருமி வளரும். மறுபடி சூடு பண்ணினாலும் அது விட்ட நஞ்சு போகாது. வெந்ததும் வடிச்சிடுங்க, கஞ்சியும் கிடைக்கும்.