வைஃபை பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் பேச வேண்டும்.

நம் படிப்பறையில் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். சில வாரங்களாகக் காலையில் அங்கே இணையம் அறுந்துகொண்டே இருந்தது. தந்தையை இழந்த ஒரு பிள்ளை மூன்று நாள் வந்து உட்கார்ந்தாள். படிவத்தைப் பாதி நிரப்புவாள், இணைப்புப் போய்விடும். திரும்பி வருவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும், கல்லூரி பஸ்ஸும் போய்விடும். கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? லைன் பார்க்க வரும் தம்பியைக் கோபித்துக்கொண்டோம். அவர் மூன்று முறை கம்பம் ஏறி இறங்கினார். லைனில் ஒரு குறையும் இல்லை.

கடைசியில் பாலிடெக்னிக் படிக்கும் மாணவர் ஒருவர், இணைப்புப் போகும் நேரத்தை நோட்டில் குறித்துவைத்தார். எல்லா நாளும் சரியாக 9:00. "தினமும் ஒரே நிமிடத்திலா பழுது வரும்? நாம் சொல்லிவைத்ததைத்தான் பெட்டி செய்கிறது" என்றார். அதுதான் உண்மை. பெட்டி தினமும் அதிகாலை 3:30க்குத் தானாக அணைந்து எழும்படி ரீஸ்டார்ட் நேரம் வைத்தது நாங்களேதான். ஆனால் அதன் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை, கிரீன்விச் நேரத்தில் இருந்தது. அதற்கு 3:30 ஆகும்போது நமக்குக் காலை 9:00!

அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். லைன் தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். விசாரிக்காமல் பழி சொன்னது எங்கள் தவறு. அதே தவறு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பேச்சு.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் நம் ஊர் திருமுக்கூடல். ரீஸ்டார்ட் சரியாக நடக்கவும் மூன்று கூட வேண்டும்: சரியான மணி, சரியான நேர மண்டலம், சரியான அட்டவணை.

முதலில் மணி. நம் கைக்கடிகாரத்தில் பேட்டரி உண்டு. வீட்டு வைஃபை பெட்டிகள் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் மணியை மறந்துவிடும். மீண்டும் எழுந்ததும் இணையத்தில் உள்ள நேர சேவையகத்திடம் 'இப்போது மணி என்ன?' என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்த முறைக்கு என்டிபி என்று பெயர். லைன் இல்லை என்றால் பதில் வராது. அப்போது பல பெட்டிகள் 1970 ஜனவரி 1 என்று காட்டும். கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. அந்தத் தேதியைப் பார்த்தால், பெட்டிக்கு இன்னும் மணி தெரியவில்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் நடக்காமலும் போகலாம், வேறு நேரத்தில் நடக்கவும் செய்யலாம்.

இரண்டாவது நேர மண்டலம். ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே பல நேரங்கள் இருந்தன. ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் 'மதராஸ் நேரத்தில்' ஓடின. இன்றைய இந்திய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியப் பொது நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது நம் நேரம். பெட்டியிலும் 'டைம் ஸோன்' என்ற இடத்தில் +5:30 இருக்க வேண்டும். சில பெட்டிகள் சீன நேரமான +8:00இல் வரும். அதில் 3:30 என்று வைத்தால் நமக்கு நள்ளிரவு 1:00க்கே அணைந்துவிடும்.

எங்கள் பெட்டியில் எப்படி மாறியது தெரியுமா? இணையம் மெதுவாக இருக்கிறதென்று ஒருவர் பின்பக்கத் துளையில் ஊசியால் அமுக்கிவிட்டார். அது ரீசெட். ரீஸ்டார்ட் என்றால் அணைத்துப் போடுவது. ரீசெட் என்றால் பாஸ்வேர்டு, இணைப்பு விவரம், நேர மண்டலம் எல்லாம் அழிந்து பெட்டி புதிதாகிவிடும். தயவுசெய்து ஊசி வேண்டாம்.

மூன்றாவது அட்டவணை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற எண் இருக்கும். வைஃபையில் இணைந்திருக்கும் போனில் அதைத் திறந்து, 'ரீபூட் ஷெட்யூல்' பகுதியைப் பாருங்கள். 'வயர்லெஸ் ஷெட்யூல்' என்பது வேறு, அது வைஃபையை மட்டும் நிறுத்திவைப்பது. கிழமைகளுக்கு டிக் போட்டிருக்கிறதா, 'சேவ்' அழுத்தினீர்களா என்றும் பாருங்கள். பிறகு யாருக்கும் வகுப்பு இல்லாத வேளையில், பத்து நிமிடம் தள்ளி ஒரு நேரம் வைத்துச் சோதியுங்கள். அதே நிமிடத்தில் அணைந்து எழுந்தால் மூன்றும் சரி.

எந்த நேரம் வைப்பது? பலர் இரவு 12 என்று வைக்கிறார்கள். நம் வீடுகளுக்கு அது ஆகாது. சவூதியில் இரவு 10 மணிக்கு வேலை முடிந்து ஒருவர் வீட்டுக்குப் பேசினால், இங்கே 12:30. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டி அணையலாமா? 3:30 என்றால் ரமலானில் ஸஹருக்கு வீடே விழித்திருக்கும். 2:30 பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

சில வீடுகளில் ஃபைபர் பெட்டி ஒன்று, வைஃபை பெட்டி ஒன்று என இரண்டு இருக்கும். ஒன்றில் வைத்த அட்டவணை மற்றதை அணைக்காது. கையால் போடும்போது முதலில் ஃபைபர் பெட்டி, விளக்குகள் நிலைத்ததும் இரண்டு மூன்று நிமிடம் கழித்து வைஃபை பெட்டி. எழுந்தவுடன் இணைப்பு வராவிட்டால் பதறாதீர்கள். பழைய இணைப்பு அந்தப் பக்கம் மூடப்படச் சில நிமிடங்கள் ஆகலாம்.

அபூர்வமாகச் சில பெட்டிகள் விடாமல் அணைந்து எழும். எழுந்ததும் பழைய மணியிலிருந்தே எண்ணத் தொடங்குவதால், மறுபடி 2:30 வந்து மறுபடி அணையும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளின் வழிகாட்டியே இதை எச்சரித்து, அணைப்பதற்கு முன் 70 வினாடி காத்திருக்கும்படி கட்டளை எழுதச் சொல்கிறது. உங்கள் பெட்டியில் இப்படி நடந்தால் அட்டவணையை நீக்கிவிட்டு, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் அணைத்துப் போட்டால்தான் ஓடும் என்றால், அந்தப் பெட்டிக்கு வேறு நோய் இருக்கிறது. அடாப்டர் தளர்ந்திருக்கலாம், அலமாரிக்குள் காற்றில்லாமல் சூடேறலாம். அதைப் பாருங்கள். வாரம் ஒரு ரீஸ்டார்ட்டே போதுமானதாக இருக்கும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியின் பக்கத்தைத் திறந்து, அதில் மணி என்ன என்று பாருங்கள். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் படிப்பறைக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து சரிசெய்வோம்.

வஸ்ஸலாம்.