அடுக்களைத் தராசைச் சோதித்தல்

கேக் சரிவரவில்லையெனின் இல்லத்தரசியர் அடுப்பையே நொந்துகொள்வர். தராசை ஐயுறுவோர் மிகச் சிலர். அதனைச் சோதிக்கத் தண்ணீரே போதும். சமதளத்தில் தராசை வைத்து, வெறும் பாத்திரத்தை ஏற்றிப் பூச்சியமாக்கி, 500 மில்லிலீற்றர் நீரை அளந்து ஊற்றினால், நம் நாட்டு வெப்பநிலையில் ஏறத்தாழ 498 கிராம் காட்டல் வேண்டும். அளவுக் குவளையின் கோடும் பிழைபடலாம்; ஆதலின் பிரிக்காத 227 கிராம் பட்டர்ப் பொதியையும் வைத்துப் பார்ப்பது நன்று. சுற்றிய தாளின் நிறை அக்கணக்கில் அடங்காது.

தராசு எதனையும் நூற்றுக்கு ஐந்து கூட்டிக் காட்டுமாயின், மா, சீனி, பட்டர் யாவும் ஒரே விகிதத்திற் குறையும். அதனாற் பெருந்தீங்கில்லை. ஆனால், முட்டையை எவர் நிறுக்கின்றார்? எண்ணியன்றோ இடுகின்றனர்! மஞ்சட்கருவை மிகுதியாகக் கொள்ளும் லவ் கேக்கில் விகிதம் குலைவது அங்கேதான். கஜுவும் விலையேறிய பண்டம்.

சிறு நிறைகளில் இடர் இன்னும் பெரிது. அரைக் கிராம் பிழை, 500 கிராம் மாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 கிராம் ஈஸ்ற்றிலோ பத்தில் ஒரு பங்கு. அன்றியும், மெல்லமெல்லத் தூவப்படுவதை மின்தராசு சிலவேளை உணராது விட்டுவிடும். ஈஸ்ற்றையும் அப்பச்சோடாவையும் வேறொரு சிறு கிண்ணத்திலிட்டு, ஒருங்கே தூக்கிவைத்து நிறுத்தல் வேண்டும். அல்லது மட்டமாக வழித்த தேக்கரண்டியால் அளந்துகொள்ளலாம்.